நான் போட்ட மார்க்

யுத்த பயத்தில் காலியான பட்டணம் மறுபடி நிரம்பத் தொடங்கிய சமயம், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். நாலாவது பாரத்தில் சாந்தோமிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அப்பா இல்லை. அம்மா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுத்து அவளை வளர்த்து வந்தாள். முந்தின வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கெல்லாம் அவளைப் பெஞ்சு மேல் நிறுத்தியிருக்கிறார்கள். நான் போர்டுக்குக் கூப்பிட்டதும் சாக்பீஸை வாங்காமல், தானாகவே பெஞ்சு மேல் ஏறப் போனாள்.

எனக்குத் தாங்கவில்லை. முதலில் தைரியம் வரட்டும், கணக்கு தானாக வரும் என்று நினைத்தேன். பாதி வழி சரியாக இருந்தால் முழு மார்க் போட்டேன். அதுவும் இல்லாதபோது பாஸ் மார்க்காவது போட்டு, 'நல்ல முயற்சி' என்று எழுதினேன். பெண் சீக்கிரமே மாறிவிட்டாள். முதல் பெஞ்சுக்கு வந்தாள். மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆரம்பித்தாள், தப்பும் தவறுமாக. அது காதில் விழுந்தும் நான் திருத்தவில்லை. அந்த முகத்தை வாட வைக்க மனசு வரவில்லை. அது மட்டுமில்லை, அவள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் வரை நான்தான் அவளுக்குக் கணக்கு.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டில் அவள் நம்பர் இல்லை. கணக்கில் போய்விட்டது. அன்று சாயங்காலம் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"பேப்பர் திருத்துனவங்க தப்புப் பண்ணியிருப்பாங்க, டீச்சர். எனக்குக் கணக்கு நல்லா வரும்னு நீங்க எழுதிப் போடுங்க."

"இல்லம்மா. உனக்கு வராது. நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவள் அழவில்லை. "அப்ப நீங்க போட்ட மார்க்கெல்லாம்?" என்றாள்.

அம்மாதான் பேசினாள். "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எப்படியாச்சும் ஒக்கார வச்சுப் படிக்க வச்சிருப்பேனே, டீச்சர்."

மறு வருஷம் சாயங்காலங்களில் வரச் சொல்லி, பின்னத்திலிருந்து ஆரம்பித்தேன். தப்பைத் தப்பென்றே சொன்னேன். அவள் முகம் கோணாமல் திரும்பப் போட்டாள். ஆனால் விடை சரி என்று நான் சொன்னால் மட்டும், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவாள்.

பாஸானாள். டீச்சர் டிரெயினிங்கில் இடமும் கிடைத்தது. செய்தி சொல்ல அம்மா உள்ளே வந்தாள். பெண் வாசல் கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். நான் எழுந்து வெளியே போனேன்.

"போய்ட்டு வரேன், டீச்சர்," என்றாள்.

கெட்டிக்காரி, நன்றாகப் படித்தாய் என்று சொல்ல வந்தேன். நான் சொன்னால் நம்புவாளா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.