கிளிக்குக்கும் குண்டுக்கும் நடுவில்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில், 'ஓடவே இல்லை' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தங்கமானவர்கள். 'ஓடுது, ஆனா லேட்டா ஓடுது' என்று வருகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள்.

ராஜபாளையத்தில் நான் கடை போட்டபோது பில்லிங் மெஷின், பிரின்டர் என்று பார்த்துக் காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் இந்தத் துப்பாக்கி சுடும் விளையாட்டுகள் வந்து சேர்ந்தன. மவுசை அழுத்துவதற்கும் திரையில் குண்டு கிளம்புவதற்கும் நடுவில், கண் சிமிட்டுவதைவிடச் சின்னதாக ஒரு தாமதம் உண்டு. அதைத்தான் லேக் என்கிறார்கள். அந்தத் தாமதத்துக்குள் எதிராளி நம்மைச் சுட்டுவிடுவான். செத்தவன் எவனும் தன் கை மெதுவென்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. நேராகப் பெட்டியோடு என் கடைக்கு வந்துவிடுவான். இதைப் படிக்கிறவர்களில் மெக்கானிக், டெய்லர், பல் டாக்டர் யாராவது இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

சொருகின இடம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவன். விலை கூடின கிராபிக்ஸ் கார்டு, வேகமான மானிட்டர், விளக்கு மின்னுகிற கீபோர்டு என்று எல்லாம் வைத்திருந்தான். ஆனால் எந்த ஆட்டத்திலும் முதலில் சாகிறவன் அவன்தான். நெட்டை மாற்றினான், மவுசை மாற்றினான், கடைசியில் நாற்காலியைக்கூட மாற்றியிருக்கிறான். வீட்டுக்குப் போய் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மானிட்டர் ஒயரை கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல், மேலே மதர்போர்டில் இருக்கிற ஓட்டையில் சொருகியிருந்தான். அந்தக் கார்டு வாங்கின நாளிலிருந்து சும்மா உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒயரை மாற்றிச் சொருகினேன். மானிட்டர் செட்டிங்கில் ஹெர்ட்ஸ் என்கிற வேகத்தையும் ஏற்றிவிட்டேன். ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் முகம் தொங்கிப்போய்விட்டது. "இம்புட்டு நாளா வீணாச் செத்திருக்கேனே அண்ணாச்சி, அதையெல்லாம் யாரு திருப்பித் தருவா?"

சிக்கனம்

இன்னொரு வீட்டில் பையன் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். நான் செட்டிங் எல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவேன். ஒரு வாரத்தில் மறுபடி லேக் என்று போன் வரும். பிறகுதான் தெரிந்தது, பையன் வெளியே போனதும் அவன் அப்பா உட்கார்ந்து, 'பவர் சேவர்' என்று எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்து அமுக்கிவிடுகிறார். பெட்டியும் அடக்க ஒடுக்கமாகத் தன் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்கிறது.

அதை அமுக்கினால் பையனுடைய விளையாட்டு மெதுவாகிவிடும் என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிச்சம் பிடின்னு பொட்டியே சொல்லுது, நீரு வேண்டாங்கீரு. நான் எவன் பேச்சக் கேக்க?"

சுட்டுப் பார்க்கிறவன்

பாலமுருகனைப் பற்றிச் சொல்லவேண்டும். வன்னியம்பட்டிக்காரன், இருபத்து நாலு வயது, என் கடையில் எனக்குச் சரிபாதி. பெட்டியைத் திறந்து மூடுவது என் வேலை. சரியாகிவிட்டதா என்று ஒரு ஆட்டம் சுட்டுப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. விரலையும் திரையையும் சேர்த்து செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து லேக்கை அளப்பது ஒரு முறை. நான் அளந்து முடிப்பதற்குள் பாலா ஆடிப் பார்த்தே சொல்லிவிடுவான். அவன் சொன்னதும் வீடியோ சொன்னதும் மாறினதே இல்லை. சுடும்போது திரைக்குக் கிட்டத்தில் போய் இடது கண்ணை மூடிக்கொள்வான். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் பலூன் சுடுகிற கடையில் அவன் அப்பா பழக்கிவிட்ட பழக்கம்.

சென்னையில் ஒரு டீம் ஆள் எடுப்பதாக இருந்தது. எடுத்துவிட்டால் மாதச் சம்பளத்துக்கு விளையாடலாம். அதற்கான தேர்வு ஆட்டத்துக்குப் பாலாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு அதுதான் உலகம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவன் அப்பாவுக்கோ அவனைப் போலீசில் சேர்க்கவேண்டும். ரொம்ப இழுபறிக்குப் பிறகு, இந்த ஒரு தடவை ஆடிக்கொள், எடுக்காவிட்டால் போலீஸ் செலக்சனுக்கு ஓடிப் பழகவேண்டும் என்று இறங்கி வந்தார். கடைக்கு வந்து என்னிடம் புலம்பிவிட்டுத்தான் போனார். "சுடுறதுக்கு கவர்மென்டு துப்பாக்கியும் குடுத்துச் சம்பளமும் குடுக்கு. இவன் என்னன்னா மவுசப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

மதிய லேக்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கின சமயம். பாலா தொட்ட பெட்டியிலெல்லாம் லேக் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தான். காலையில் பரவாயில்லை என்பான். மதியம் பைக்கில் சாப்பிடப் போய்விட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால், அதே பெட்டியில் லேக் என்பான். உஷ்ணமாக இருக்கும் என்று நான் ஃபேனை மாற்றினேன். வோல்டேஜாக இருக்கும் என்று ஸ்டெபிலைசர் போட்டேன். செல்போன் வீடியோவில் பார்த்தால் எந்தத் தாமதமும் இல்லை. அவனோ செல்போனைத்தான் சந்தேகப்பட்டான். அவன் வாக்குத் தப்பாது என்று பழகிப்போனதால் நானும் சந்தேகப்பட்டேன்.

கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறது என்றும் இடையில் ஒரு நாள் சொன்னான். ராத்திரி பகலாக ஆடுகிறவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று, தெரிந்த கண்ணாடிக் கடைக்கு அனுப்பினேன். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்திருக்கிறான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். "கழுகுக் கண்ணுலே ஒனக்கு! இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டா எங்கடைக்குத்தான் கெட்ட பேரு."

வெளுத்த சிவப்பு

ஆலங்குளத்திலிருந்து ஒருவர் புது மானிட்டரோடு வந்தார். மகன் பரீட்சையில் தேறினதற்கு வாங்கிக் கொடுத்தது. பாலா போட்டுப் பார்த்துவிட்டு, லேக் இருக்கிறது, அதோடு சிவப்பு நிறமும் வெளுத்துத் தெரிகிறது, பேனலே மட்டம் என்று சொல்லிவிட்டான். எனக்கு ரத்தச் சிவப்பாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் எதிரில் அவனை மறுத்துப் பேச மனம் வரவில்லை. அந்த மனிதர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அங்கே நாலு பேர் பார்த்துச் சிவப்பு சிவப்பாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவர் வந்தபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள். பாலா கடைக்குள்ளேயே நின்றான், தலையைத் தூக்கவில்லை. அவமானம் அவர், பாலா இரண்டு பேருக்கும்தான். அவர் சத்தம்கூடப் போடவில்லை. "தம்பி, ஒன் பேச்சுக்காகத்தான் ஆலங்குளத்துல இருந்து பஸ் ஏறி வாரோம். ஒனக்கே நெறம் தெரியலேன்னா நாங்க எங்க போக?"

பஞ்சு

செட்டியார்பட்டி போகிற வழியில் ஒரு நூற்பாலை மேனேஜர் வீடு. மில்லை ஒட்டியே வீடு என்பதால் பஞ்சுத் தூசி பெட்டிக்குள் புகுந்து ஃபேனையே சுற்றவிடாமல் அடைத்திருந்தது. திறந்தால் தலையணையைப் பிரித்துப் போட்ட மாதிரி இருந்தது. பாலா முதலில் ஆடிப் பார்த்து, லேக் என்றான். ப்ளோயரை வைத்து ஊதினோம். கிளம்பின பஞ்சு அவன் வலது கண்ணில் விழுந்துவிட்டது. கர்ச்சீப்பால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, வேறு வழியில்லாமல் இடது கண்ணாலேயே ஆடினான். ஆடினவன் துள்ளிக் குதிக்காத குறை. லேக் சுத்தமாகப் போய்விட்டது, நம் கடையில்கூட எந்தப் பெட்டியும் இவ்வளவு நன்றாக ஓடவில்லை என்றான்.

வலது கண்ணைப் பொத்தினதும் லேக் போனது எனக்கு மட்டும் உறுத்தியது. முகத்தைக் கழுவி வரச் சொல்லி, கர்ச்சீப்பை மற்றக் கண்ணுக்கு மாற்றிப் பிடிக்கச் சொன்னேன். மாற்றிப் பிடித்து ஆடினான், லேக் திரும்பி வந்துவிட்டது. மறுபடி மாற்றினான். இன்னொரு தடவை மாற்றினான். அப்புறம் மவுசை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டான். மேனேஜர் வீட்டுக்குள் திரும்பித் தெலுங்கில் மோர் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, எல்லாம் இந்தப் பஞ்சு செஞ்ச வேலை. மாசத்துக்கு ஒருக்கா ஊதி விட்டாப் போதும், அம்புட்டுதானே?"

இருட்டறை

மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாலா, அவன் அப்பா, நான். அங்கேயும் அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தான். டாக்டர் அதை நம்பவில்லை. இருட்டறையில் உட்காரவைத்து, மண்டையில் ஒயர்களை ஒட்டி, எதிரே ஒரு திரையை வைத்தார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் மாறி மாறி மின்னின. கண் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்த மெஷின் அளக்கிறதாம். நான் கிளிக்கையும் குண்டையும் அளக்கிற அதே அளவில், மில்லிசெகண்டில். துணைக்கு என்று என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

இடது கண்ணுக்குக் கோடு ஒழுங்காக எழும்பியது. வலது கண்ணுக்கு அதே கோடு, அதே உயரம், ஆனால் பிந்தி வந்தது. சோதனை எடுத்த பெண் மறுபடி எடுத்தார். மறுபடியும் பிந்தித்தான் வந்தது. பாலா இருட்டில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கும்போது குரல் கெஞ்சியது. "அக்கா, இந்த மானிட்டர் எத்தன ஹெர்ட்ஸு? ஒயர ஒருக்கா மாத்திச் சொருகிப் பாருங்களேன்."

தேர்வு நாள்

கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். நரம்பைச் சுற்றியிருக்கிற உறை கெட்டுவிட்டதாம். அதனால்தான் பார்வை தெளிவாக இருந்தும் பிந்தி வருகிறது, சிவப்பு வெளுக்கிறது, உடம்பு சூடேறினால் அதிகமாகிறது. படுக்கவைத்து மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். வலி நின்றது, சிவப்பு சிவப்பாயிற்று. அந்தத் தாமதம் மட்டும் போகவில்லை. சென்னைக்காரர்களின் தேர்வு ஆட்டம் பாலா கையில் ஊசியோடு படுத்திருந்த ஒரு மத்தியானம் நடந்து முடிந்தது. அவன் போனைக் கேட்கவில்லை, மணி என்ன என்று மட்டும் கேட்டான். நான் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கடைசி நாள் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். அன்றாட வேலைக்குக் குறைவில்லை. மறுபடி வந்தாலும் வரும், வராமலும் போகும். தொடர்ந்து வந்து காட்டவேண்டும். போலீஸ் செலக்சன் கண் பரிசோதனையில் தேறுவது கஷ்டம் என்றும் அவராகவே சொன்னார். பாலாவின் அப்பா முதுகை நிமிர்த்தி, கையைத் தொடைமேல் வைத்து, பட்டாளத்து ஆபீசர் முன்னால் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். இனிமேல் போலீசுக்காகத்தான் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மகன் பக்கம் பார்க்கவே இல்லை. "போலீசு கெடக்கட்டும் டாக்டர். அந்த வெளையாட்டையாவது எம்பிள்ளைக்கு விட்டுக் குடுங்க."

மவுசிலிருந்து மானிட்டர் வரைக்கும் லேக் எங்கே இருந்தாலும் எடுத்துத் தருகிறேன், மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மட்டும் என் கடையில் சர்வீஸ் கிடையாது.