கடைசிப் பத்தியில் யாரும் எழுந்திருக்கவில்லை

பதினோரு வருடம் கதை எழுதினேன். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. பினாங்கில், ஜெலுத்தோங் சந்தையில் காய்கறி விற்றுவிட்டு வந்து, சமைத்து, துவைத்து, மிச்ச நேரத்தில் எழுதுவேன். ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவேன். கிணற்றில் போட்ட கல்தான். ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்கும்போது மற்றவர்கள் மூட்டுவலி, மகனுக்கு வேலை, மகளுக்கு வரன் என்பார்கள். நான் மட்டும், ஒரு கதையாவது அச்சில் வரட்டும் ஆண்டவரே என்பேன். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் எனக்குத் தெரியும்.

ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. எங்கள் சபையில் நல்ல முடிவு கிடைத்தவர்தான் மைக்கைப் பிடிப்பார். சுகமானவர் சாட்சி சொல்வார், சுகமாகாதவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். இதையே கேட்டு வளர்ந்தவளுக்குக் கதையையும் அப்படித்தான் முடிக்க வந்தது. ஒருமுறை பத்திரிகை ஆசிரியரே போனில் சொன்னார். "அக்கா, உங்க கதையில யார் படுத்தாலும் கடைசிப் பத்தியில எழுந்து உட்கார்ந்துடறாங்க. நம்ப முடியலக்கா." அவிசுவாசி என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன்.

போன வருடம் தைப்பூச விடுமுறைக்கு மறுநாள், என் கணவர் தாமஸுக்கு ஈரலில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டதாம். லோரி ஓட்டுகிறவர், ஐம்பத்திரண்டு வயது. நான் அழவில்லை. விசுவாசமுள்ளவள் இல்லையா? அவர் சுகமாகிவிட்டார் என்று முன்கூட்டியே எல்லார் முன்னாலும் வாய்விட்டு அறிக்கையிட்டேன். சபையாரும் ஆமென் என்றார்கள். அதோடு நிற்காமல், அவர் சுகமான கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். தண்ணீர் கேட்டால்கூட, இந்த வரி முடியட்டும் என்பேன். பத்து நாள் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டினேன்.

என் கதைகளை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நான் இல்லயே," என்றார். "எனக்குப் பயமா இருக்குலா, ஸ்டெல்லா. பத்து நாளா பக்கத்துல உட்கார்ந்திருக்க. ஒரு தடவையாவது என் மூஞ்சியப் பார்த்தியா?"

அப்போதுதான் பார்த்தேன். கண் மஞ்சளாகி, கன்னம் ஒட்டி, வேறு யாரோ போலப் படுத்திருந்தார். வெட்கத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். அவர் பயந்ததை எழுதினேன். என்னைத் திட்டியதை, சுகமாகிவிட்டீர்கள் என்று சொல்ல வந்த போதகரைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை, எல்லாவற்றையும் எழுதி அவருக்கு வாசித்தேன். முடிவு எங்கே என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"செத்துட்டேன்னு போடு. உனக்கு அதுதான் எழுத வராது."

ஆறு நாளில் போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து, அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு கதை வந்தது. ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை. அதைப் படித்துவிட்டு ஒரு பதிப்பகத்தார் தொகுப்பு கேட்டார்கள். பழைய கதைகளைக் கொளுத்திவிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். புத்தகமும் வந்துவிட்டது.

தன் மகன் பயந்ததை ஊருக்கே சொல்லிவிட்டேன் என்று மாமியார் என்னோடு பேசுவதில்லை. என் விசுவாசம் குறைந்ததால்தான் அவர் போனார் என்று சபையில் ஒரு சகோதரி முகத்துக்கு நேராகவே சொன்னாள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று என்னைப் பற்றிப் பேசுவதும் காதில் விழுகிறது. பேசட்டும்.

ஆனாலும் சாட்சி சொல்கிறேன். பதினோரு வருடம் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். அந்தப் பதினாறு நாள் கேட்டதைக் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நான் அறிக்கையிடுவதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறதா என்று கேட்கிறேன். அதற்கப்புறம்தான் ஜெபம். எழுதுவதும் அப்படித்தான். உங்களில் எழுத ஆசைப்படுகிறவர்கள் கர்த்தரையே கேளுங்கள். கட்டாயம் கொடுப்பார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடு, தாமஸைத் தருகிறேன் என்று கர்த்தர் சொன்னால் இந்த நிமிடமே கொடுத்துவிடுவேன். சொல்லமாட்டார். இருந்தாலும் அவருக்கு ஸ்தோத்திரம்.