சனிக்கிழமைக் காகம்

இந்த நாட்டில் கூப்பிட்டால் காகம் வராது. மொன்ட்ரியாலில் காகமே இல்லையென்று சொல்லவில்லை. நம்முடையதை விடப் பெரிய, கழுத்தில் சாம்பல் நிறம் கூட இல்லாத முழுக் கறுப்புக் காகங்கள் தாராளமாக உண்டு. ஆனால் அவற்றுக்கு மனிதரோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் பின்பக்க இரும்புப் படியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு பிடி சோற்றை வைத்து 'கா... கா...' என்று கூப்பிட்டேன். கம்பியில் இருந்த காகம் தலையைச் சரித்து என்னை ஒருதரம் பார்த்தது. பிறகு எழும்பித் தன் பாட்டில் போய்விட்டது. சோற்றுக்கு அணில் வந்தது, புறா வந்தது, கடைசியில் வீட்டுக்காரன் வந்தான். அவன் கையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் ஏசியதில் எலி என்ற ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

எனக்கு அப்போது ஏழரைச் சனி. இதைச் சொன்னது நானல்ல, யாழ்ப்பாணத்திலிருந்த அம்மா. நான் நாட்டை விட்டு வந்தது, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காதது, முப்பத்தாறு வயதாகியும் கலியாணம் ஒப்பேறாதது எல்லாம் சனியன் பார்த்த வேலை என்பது அவருடைய முடிவு. அது ஊரில் சண்டை நின்றிருந்த சமாதான காலம். தொலைபேசி எடுத்தால் யாழ்ப்பாணம் பக்கத்து வீடு மாதிரிக் கேட்கும்.

"சனிக்கிழமையில காகத்துக்கு வைக்காமலோ சாப்பிடுறாய்?"

"இஞ்சை காகம் வராதம்மா."

"காகம் வராத ஊரும் இருக்கோ? நீ வடிவாக் கூப்பிட்டிருக்க மாட்டாய்."

என்னோடு ஒரே வீட்டில் இருந்தவர் மன்னார் அந்தோனி அண்ணை. பேக்கரியில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரைக்கேறியது. "டொக்டர், உம்மடை சனியனுக்கு விசா கிடைச்சிட்டுது. காகத்துக்குத்தான் கிடைக்கேல்லைப் போல" என்றார்.

டொக்டர் என்று அவர் சொல்வது பகிடிக்கு. ஆனால் நான் மெய்யாகவே டொக்டர்தான், மாட்டு டொக்டர். வவுனியாவில் எட்டு வருடம் அரசாங்க மிருக வைத்தியனாக இருந்தேன். கன்று குறுக்கே கிடந்து அந்தரிக்கும் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்திருக்கிறேன். கன்று நிலத்தில் விழுந்து மூக்கைச் சிந்தும்போது வீட்டுக்காரர் அழுவார்கள், எனக்கும் கண் கலங்கும். அந்தக் கைக்கு இங்கே மதிப்பில்லை. பட்டத்தை ஏற்றுக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சைகள், அதற்கு முதல் பிரெஞ்சு. இரண்டு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் கோழி வெட்டினேன். பிழைக்க வைக்கப் படித்தவன் அங்கே என்ன செய்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகுதான் மொன்ட்ரியால் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், காயப்பட்ட காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பராமரிக்கும் ஒரு சிறு நிலையத்தில் வேலை கிடைத்தது. கூடு கழுவுவது, தீன் வெட்டுவது. ஒரு பஸ், மெத்ரோ ரயில், திரும்ப ஒரு பஸ். போக மட்டும் இரண்டு மணித்தியாலம். செப்டம்பர் வரைக்கும் தவணை. ஆனாலும் திரும்ப விலங்கின் மணம் கையில் ஒட்டியபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் நாள் நான் கையை முகர்ந்துகொண்டே வீடு வந்தேன்.

நிலையத்தின் பொறுப்பாளர் மதாம் ஜினெட். ஐம்பது வயது, ஆண்களின் சப்பாத்து, அதிகம் கதைக்காத பெண். ஜூன் மாதத்தில் புயலுக்கு விழுந்த கூடொன்றிலிருந்து ஒரு காகக் குஞ்சைக் கொண்டுவந்தார்கள். கூடப் பிறந்தவை செத்துப்போயின. மதாம் அதை என்னிடம் தந்தார்.

"தயா, இதை நீ வளர். வளர்த்துப் பறக்க விடு. சரியாகச் செய்தால் செப்டம்பரில் உன் நிரந்தர வேலையைப் பற்றிக் கதைப்போம்."

அங்கே ஒரு சட்டம், மற்ற எல்லாச் சட்டத்துக்கும் தலை. காட்டுக்குத் திரும்ப வேண்டிய குஞ்சுக்கு மனிதன் யாரென்று தெரியக்கூடாது. முகத்தைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். இடுக்கியால்தான் ஊட்ட வேண்டும். வாய் திறக்கவே கூடாது. மனிதன் தீன் தருவான் என்று பழகினால் அது மனிதனைத் தேடிப் போகும், யாராவது அடித்துக் கொல்வார்கள். இதெல்லாம் எனக்குப் புதிதல்ல, படித்தவன்தான். வெள்ளிக்கிழமை வரை ஒரு குறையும் வைக்கவில்லை.

சனிக்கிழமைகளில் புதியவன் என்பதால் தனிக்காவல் எனக்கு. அன்று நிலையத்தில் என்னைத் தவிர ஆளில்லை. மத்தியானம் எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை 'டக்'கென்று திறந்தேன். சோறும் பருப்பும், விரதச் சாப்பாடு. முதல் கவளத்தை எடுத்த கை வாய்க்குக் கிட்டப் போய் நின்றுவிட்டது. பத்தடி தூரத்தில் ஒரு காகம் இருக்கிறது. வைக்காமல் எப்படித் தின்பது? முகத்தை மூடாமலே கூட்டுக்குள் போனேன். 'கா... கா...' என்றேன். குஞ்சு சிவந்த வாயை அகலத் திறந்து 'கா' என்றது.

மூன்று வருடத்தில் இந்த நாட்டில் நான் கூப்பிட்டதற்கு வந்த முதல் மறுமொழி அது. அழுதேன். மறைப்பதில் என்ன இருக்கிறது, கூட்டுக்குள் குந்தியிருந்து அழுதேன். பிறகு கையால் ஊட்டினேன்.

ஒரு தரம்தானே என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த சனியும் வந்தது. சனியனுக்கென்று தொடங்கியது, போகப்போக எனக்காகவே ஆகிவிட்டது. கிழமை முழுவதும் பஸ்ஸிலும் மெத்ரோவிலும் 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவன், சனிக்கிழமை ஒரு காகத்தோடு இருந்து வாய் நோகக் கதைத்தேன். அம்மாவின் முழங்கால் வருத்தம், வவுனியாப் பசுக்கள், கூடி வராத சம்பந்தம் எல்லாம் அதற்குத் தெரியும். பெட்டி மூடியின் சத்தம் கேட்டால் உச்சிக் கம்பியிலிருந்தாலும் இறங்கிவந்து என் முழங்காலில் நிற்கும். தொலைபேசியில், "அம்மா, காகம் வருது" என்றேன். "நான் சொன்னனே!" என்று அம்மா பூரித்துப்போனார்.

ஆகஸ்ட் கடைசியில் சோதனை. மதாமும் மூன்று தொண்டர்களும் பெரிய கூட்டுக்குள் நடந்தார்கள். காகம் பயந்து கத்தி, மேற்கம்பியில் மோதி, மூலைக்கு ஓடியது. மனிதருக்குப் பயப்படுகிறது, மிக நல்லது என்று மதாம் எழுதிக்கொண்டார். அதற்கு மனிதரென்றால் பயம்தான், நான் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. அந்த நேரத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. தொண்டர் வர வசதியென்று அடுத்த சனிக்கிழமையே கதவைத் திறந்துவிட்டார்கள். காகம் மேப்பிள் மரத்துக்குப் போனது. அங்கே வேறு நாலைந்து காகங்கள் இருந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மத்தியானம் பின்பக்க மர வாங்கில் சாப்பிட இருந்தேன். என்றுமில்லாமல் மதாம் தன் சாண்ட்விச்சோடு பக்கத்தில் வந்து அமர்ந்தார். "நல்ல வேலை செய்தாய், தயா. செப்டம்பரிலிருந்து..." என்று தொடங்கினார். நான் புத்தியில்லாமல் பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

மேப்பிள் மரத்திலிருந்து அது நேரே வந்தது. என் முழங்காலில் இறங்கி, மதாமின் முகத்துக்கு முன்னாலேயே வாயைப் பிளந்தது.

எழும்பி உதறினேன். "சூய்! போ! போய்த் துலை!" என்று கத்தினேன். போகவில்லை. சப்பாத்தடியில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தேன். பக்கத்தில் விழுந்த கல்லைத் தத்திப் போய்க் கொத்திப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து 'கா' என்றது. அடுத்த கல்லுக்குக் குனிந்த என் கையை மதாம் பிடித்துக்கொண்டார்.

"என்ன கொடுத்தாய்?"

"சோறு."

"எத்தனை தரம்?"

"சனிக்கிழமை ஒவ்வொன்றும்."

ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சனியையும் ஏழரை வருடத்தையும் விளங்கப்படுத்தினேன். சனி ஒரு கிரகம் என்றதும் பாவம், வானத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியென்றால் உங்கள் ஊரில் காகத்தைக் கும்பிடுவீர்களா?" இல்லை, மற்ற ஆறு நாளும் கல்லெறிந்து கலைப்போம் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குமே அன்று அது விளங்கவில்லை. "பொய் சொன்னேன், மதாம். சனிக்காக இல்லை. கதைக்க ஒருத்தரும் இல்லை" என்றேன். அவர் சாண்ட்விச்சைத் திரும்பச் சுற்றி வைத்தார்.

இன்றைக்கு உன் பெட்டி, நாளைக்கு வேறு யாருடைய பெட்டியோ, அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்றார். காகத்தைப் பிடிக்க வலை தேவைப்படவில்லை. நான் சோற்றோடு கூட்டுக்குள் போனேன், அதுவும் பின்னால் வந்தது. பதிவேட்டில் 'விடுவிக்க முடியாது' என்று எழுதிவிட்டு மதாம் பேனாவை மூடினார். என்னை அனுப்பப் போகிறார் என்று நின்றேன்.

"கூட்டில் காகம் இருபது வருடம் கூட இருக்கும். அது உன்னிடம் மட்டும்தான் வருகிறது. ஆகவே நீயும் இருக்கத்தான் வேண்டும். செப்டம்பரிலிருந்து நிரந்தரம்" என்றார். கோபமா இரக்கமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

எனக்கு ஏழரையோடு சனி விலகிவிடும். அதற்கு விலகாது.

அந்தோனி அண்ணை கேட்டுவிட்டு இந்தமுறை சிரிக்கவில்லை. "பேந்து யோசிப்பம், இப்ப சாப்பிடும்" என்றார். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். மறுபக்கத்தில் கும்பிடும் சத்தம் கேட்டது.

"பாத்தியே மோனை, காகத்துக்கு வைச்சது வீண்போகேல்லை."

"ஓமம்மா" என்றேன்.

இப்போது அக்டோபர். பின்னேரங்களில் காட்டுக் காகங்கள் கூட்டமாக ஆற்றுப் பக்கமிருந்து எங்கள் நிலையத்துக்கு மேலால் பறக்கின்றன. அவை கத்தினால் இதுவும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு மறுகுரல் கொடுக்கிறது. போன சனிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டியோடு கூட்டுக்கு வெளியே நின்றேன். அது வானத்தைப் பார்த்தது. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தது. திரும்ப வானத்தைப் பார்த்தது. இந்த நாட்டில் நான் கூப்பிட்டால் வருகிற காகம் அது ஒன்றுதான். மேலே போகிற கடைசிக் காகமும் மறையும்வரை நான் மூடியைத் திறக்கவில்லை.