மாஹிமில் இல்லாத ஆள்

அந்த டாக்டர் எதற்காக எங்கள் ஆட்களைக் கேட்டார் என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அறுபதுகளில் பம்பாயில், மாட்டுங்காவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். அவர் அங்கே புதிதாக வந்தவர், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வயதானவர்களுக்கு வரும் மறதியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். நாங்கள் குடியிருந்த லேபர் கேம்பிலிருந்து இஷ்டப்பட்ட பெரியவர்களைக் கூட்டி வரச் சொன்னார். ஊசி இல்லை, மருந்து இல்லை, பேச்சு மட்டும்தான். டீயும் பன்னும் உண்டு என்றார். ஊசி போடாமல் டீ கொடுக்கிற ஆஸ்பத்திரியை யார் நம்புவார்கள்?

ஆனாலும் கூட்டிப் போனேன். காரணம் என் வீட்டுக்காரர். தாராவியில் தோல் பட்டறையில் வேலை. ஆறு மணிக்கு விட்டால் ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பார். அந்த வருஷம் ஏழு ஆனது, எட்டு ஆனது. கேட்டால் சிரிப்பார். குடியோ என்று வாயை முகர்ந்து பார்த்தேன், இல்லை. வேறு குடித்தனமோ என்று ஒரு நாள் பின்னாலேயே போனேன். எங்கள் சந்து முனையைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் தாண்டிப் போனார். என்னைக் கண்டு ஏமாற்றுகிறாரா, வழி தெரியாமல் நிற்கிறாரா, பிடிபடவில்லை. என் புருஷனுக்குப் புத்தி தடுமாறுகிறதா பாருங்கள் என்று நானே போய்க் கேட்கிற ஆள் இல்லை நான். அதனால் பத்துப் பேரோடு பதினோராவதாக அவரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

டாக்டர் ஒவ்வொருவராக அழைத்தார். ஒரு ஆளின் பெயரும், மாஹிமில் ஒரு சந்தும், வீட்டு நம்பரும் சொன்னார். பிறகு இருபதிலிருந்து கீழே எண்ணச் சொன்னார், பிள்ளைகுட்டி விவரம் கேட்டார். கடைசியில், முன்னே சொன்ன பெயரும் விலாசமும் என்ன என்றார். டீ எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அது என் காதில் விழுந்தது. அந்தப் பெயர் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

அது மதுவிலக்கு இருந்த காலம், சாராயக் கேசுக்கு ஆள் தேடிப் போலீஸ் அலையும். எங்கள் கேம்பில் வெளியாள் எவனாவது ஒருவன் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெரியாது என்பதுதான் பதில். தெரியும் என்றவன் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போய் நிற்க வேண்டும்.

முதலில் போனவர் மில் வேலையிலிருந்து நின்றுவிட்ட ஒரு மீசைக்காரர். "அப்படி ஒருத்தன நான் பாத்ததே கெடையாது" என்றார்.

"பாத்தேளான்னு கேக்கல. நான் சொன்ன பேரைச் சொன்னாப் போதும்."

"நீங்க பேரே சொல்லலியே, டாக்டரய்யா."

அடுத்து முறுக்கு விற்கிற அக்கா. தினமும் கூடையோடு மாஹிம் ஸ்டேஷன் வாசலில் உட்காருகிறவள், மாஹிம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது என்று சத்தியம் செய்தாள். மூன்றாவது ஆள், அவன் உங்களுக்கு என்ன உறவு, எத்தனை நாள் பழக்கம் என்று டாக்டரையே விசாரித்தார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எழுதினார். எண்ணும்போது பாதியில் தடுமாறிய என் வீட்டுக்காரரும் தெரியாது என்றார். பதினோரு பேருக்கும் தெரியாது.

இவர்களெல்லாம் வீடு போய்ச் சேருவார்களா என்று டாக்டர் என்னிடம் கவலைப்பட்டார். நான் டீ கிளாஸ்களைப் பொறுக்கி எடுத்தேன். அவர் எழுதுவது யார் கைக்குப் போகும் என்று எனக்கு என்ன தெரியும்?

வீடு திரும்பும்போது, ரயில் பாலம் இறங்கியதும் மீசைக்காரர் அந்தப் பெயர், சந்து, நம்பர் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னார். "எவனோ பாவம் மாட்டிக்கிட்டான். நாளைக்கு ஒரு எட்டு போயி அவன்ட்ட சொல்லிட்டு வந்திருதேன்." முறுக்கு அக்கா, அந்தச் சந்தில் பதினாறோடு வீடு முடிகிறது, பதினேழு ஏது, டாக்டர் நம்மை ஆழம் பார்க்கிறார் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரித்த பிறகு என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

அவரைக் கையைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினேன். "இப்ப நாம ரெண்டு பேருந்தான். அந்த ஆளு பேரு என்ன?"

என் முகத்தையே பார்த்தார். "நீ சொல்லு பாப்பம். சரியான்னு நான் சொல்லுதேன்."

கையை விடாமல் வீடு வரை நடந்தேன்.

மறுநாள் காலையில் வாளியை ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன். அதுவரை கேம்பில் ஒருத்தரையும் நான் காட்டிக்கொடுத்ததில்லை.

"பத்துப் பேரு சொன்னது பொய்யி. அவுகளுக்கெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அந்தச் சந்துல பதினேழாம் நம்பரே கெடையாதாம்."

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"வந்தது பதினோரு பேராச்சே?"

"ஆமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டி ஒன்றை மட்டும் உருவி எடுத்தார். யாருடையது என்று என்னைக் கேட்கவில்லை. எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். அந்த ஆஸ்பத்திரியில் நாற்காலியைத் துடைத்திருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன்.