மஞ்சுளாவின் பலகை

மஞ்சுளா இனித் திரும்பமாட்டாள் என்று அலோன் மீன் சந்தையே முடிவு கட்டிவிட்டது. வருவாள் என்று நம்பியவள் பக்கத்தில் கருவாடு விற்கும் நான் ஒருத்திதான்.

"பிரான்சுக்குப் போனவ இந்தச் சகதிக்கா திரும்பி வருவா, கரீமா லாத்தா?" என்றபடியே ஐஸ்காரன் உதுமான் தன் பெட்டிகளை அவளுடைய மீன் வெட்டும் பலகைமேல் அடுக்கினான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, மூதேவி.

புருஷன் செத்ததும் அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் மகன் கணேஷ்குமாரை ஆளாக்கினாள் மஞ்சுளா. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியவளும் அவள்தான். இப்போது பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் சமையல்காரனாக இருக்கிறான். ஊரைப் பார்த்துவிட்டுப் போ என்று அம்மாவை அழைத்திருந்தான், அவளும் போனாள்.

கல்லால் கட்டிய பழைய துறையாம். தண்ணீர் வற்றினால் படகெல்லாம் சேற்றில் சாய்ந்துவிடுமாம். "நம்ம ஆத்தங்கரையேதான்டி, நாத்தம்தான் கம்மி" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"தனாக்காவைக் கழுவிட்டு வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றானாம் மகன்.

"பாக்கட்டுமே!" என்று கன்னத்தில் இன்னும் கொஞ்சம் அந்தப் பர்மிய மரப்பட்டைச் சாந்தைப் பூசிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

துறையோரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தள்ளுவண்டியில் நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். ஓட்டல் கட்டப்போகிறோம், இடத்தைக் காலி செய் என்று எத்தனையோ பேர் சொல்லியும் நகரவே இல்லையாம். மகன் மொழிபெயர்த்துச் சொன்னதும் மஞ்சுளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

அன்று மாலையே அவன் விஷயத்துக்கு வந்தான். "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம்மா. உனக்கும் சேத்து ரூம் பாத்துட்டேன். அங்க என்னம்மா இருக்கு? கரண்டு இல்ல, உசுருக்கும் உத்தரவாதம் இல்ல."

"என் எடம் இருக்குடா" என்றாள். டிக்கெட் தேதிக்கே பையைக் கட்டிவிட்டாள்.

விமான நிலையத்திலிருந்து பையோடு நேரே சந்தைக்குத்தான் வந்தாள். நான் அழுதேவிட்டேன். அவள் உதுமானின் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.

"அக்கா, நீங்க வரமாட்டீங்கன்னு..."

"யாருடா சொன்னது? எடு உன் பெட்டியை!"

போன் அடித்தது. வீடியோவில் கணேஷ்குமார். "ஏம்மா போனே? அந்த ஊர்ல ஏம்மா கிடந்து சாகணும்?" என்று விம்மினான்.

மஞ்சுளா போனைத் திருப்பிக் காலிப் பலகையைக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கடா. நானும் ஓடிவந்துட்டா, நீ எங்கேடா திரும்பி வருவே?"