குடை திரும்பப் பெறும் விதி

நுழைவுச்சீட்டின் பின்புறம் அச்சிட்ட விதிப்படி, வாசலில் வாங்கி வைக்கும் பொருளை ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். ஸ்விட்சர்லாந்தில் பேத்தியோடு ஆட்டம் பார்த்த கால்பந்து மைதானத்தில் என் குடை திரும்பவில்லை. அந்த ஊர் கிளப்புக்கு மூன்று கடிதம் எழுதினேன்.

கடல் தாண்டி நான் குடியிருக்கும் பிரிட்ஜ்வாட்டரில், குடையில்லாமல் மழையில் நனைந்து வீடு திரும்பினேன். ஈரச்சட்டை வாடையில் அப்பா நினைவு வந்தது. திருச்சி மைதானத்தில் அவர் குடையும் இப்படித்தான் போனது. மனு போட்டுவிட்டு இரண்டு மழைக்காலம் நனைந்தே ஆபீஸ் போனார்.

"வேற குடை வாங்குங்களேன்," என்பாள் அம்மா.

"வாங்கினா நம்ம கேஸ் வீக் ஆயிடும்டி!"

அவருக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

"அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை," என்று துண்டை நீட்டினாள் என் மனைவி. "புதுக் குடை ஆர்டர் பண்ணிட்டேன்."

குடை பத்திரமாக இருக்கிறது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று கிளப்பின் பதில் வந்தது, புதுக் குடை வந்த அன்று.