கலங்கிய குழாய்

பிள்ளைகளே, நான் லாரியில் பெட்டி ஏற்றும் ஓசூர் கம்பெனியில் ஊசிக்கும் கட்டுத்துணிக்கும் கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொல்வார்கள். அங்கே சோதனைக்கூடத்தில் நரைத்த பின்னலோடு ஒரு அம்மா இருந்தார். கதிர் பட்ட துணியில் ஒரு துண்டைக் கிருமி வளரும் சத்துநீர்க் கண்ணாடிக் குழாயில் போட்டு வைத்து, சில நாள் கழித்து அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூச்சடக்கிப் பார்ப்பார். கலங்கியிருந்தால் கிருமி பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் காற்றை உறிஞ்சி அடைத்த கட்டுத்துணிப் பைகள் வந்தன. கதிர் பாய்ச்சிய பிறகும் குழாய் கலங்கியது.

"எப்பவும் வைக்கிற அளவு கதிர்தானே மேடம், சரக்கை அனுப்பக் கையெழுத்து போடுங்க," என்றார் மேனேஜர்.

"காத்து இருந்தா கிருமி மேல கதிர் பட்ட அடி நிலைச்சிடும் சார். காத்தில்லாட்டி அதோட உடம்புல இருக்குற ரசாயனமே அந்த அடிக்கு ஒட்டுப் போட்டுடும், இந்த அளவு கதிர் பத்தாது. இது புண்ணுல வைக்கிற துணி. கையெழுத்து போட மாட்டேன்."

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேறொருவர் கையெழுத்திட்டார். வெளியே போகும்போது அந்த அம்மா என்னிடம், "நீங்களாச்சும் ஏத்தாதீங்கண்ணா," என்றார்.

"எனக்குப் புள்ளைங்க இருக்குதுங்க மேடம்."

உங்களைச் சொல்லித்தான் அத்தனை பெட்டியையும் ஏற்றினேன். அவர் கோபப்படாமல் தலையாட்டிவிட்டுப் போனது ஏனென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.